உஷார்! பாஸ் ஆன டெஸ்ட் எந்தப் பட்டனை அமுக்கியது?

இன்று காலை உங்கள் ஆட்டோமேஷன் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக வந்திருக்கிறதா? காபியைக் கீழே வையுங்கள். சிவப்பாக வந்திருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். சிவப்பு கத்திக் கூப்பிடும், யாராவது ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். பச்சையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கள் டீம் மூன்று வாரம் பார்க்கவில்லை. பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அது ஒரு காப்பீட்டு வேலை. பாலிசிகள் வரிசையாக வரும் பக்கம். ஒவ்வொரு வரிசையிலும் வலது ஓரத்தில் 'ரத்து செய்' என்று ஒரு பட்டன். டெஸ்ட் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: வாடிக்கையாளரின் பெயர் இருக்கும் வரிசையைப் பிடி, அந்த வரிசைக்குள் இருக்கும் பட்டனை அமுக்கு, 'ரத்து செய்யப்பட்டது' என்று செய்தி வருகிறதா பார். செலினியத்தில் எழுதியிருந்தோம். தினமும் ராத்திரி ஓடியது. தினமும் பாஸ்.

மூன்றாவது வாரம் கஸ்டமர் கேரிலிருந்து புகார் வந்தது. முதல் வரிசையைத் தவிர வேறு எந்த வரிசையிலும் ரத்து பட்டன் வேலை செய்யவில்லை. பிழை ரிலீஸோடு வெளியே போயிருக்கிறது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பச்சை.

கண்டுபிடித்தது டீமில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண்.

"அண்ணா, நம்ம ஸ்கிரிப்ட் எந்த ஆளைத் தேடினாலும் கிளிக் மட்டும் முதல் வரிசையிலதான் விழுது. பிரவுசரைத் திறந்து வச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா ஓட விட்டுப் பாத்துட்டேன்."

"அது எப்படிம்மா? வரிசையைப் பிடிச்சிட்டு அதுக்குள்ளதானே தேடுறோம்?"

"உள்ள தேடலைண்ணா. எக்ஸ்பாத்துக்கு முன்னாடி புள்ளி இல்ல."

புள்ளி. ஒரே ஒரு புள்ளி. எக்ஸ்பாத் இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கினால், நீங்கள் எந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலும் சரி, அது பக்கத்தின் உச்சிக்குப் போய் அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால்தான் 'இங்கிருந்து' என்று பொருள். செலினியத்தைத் திட்டிப் பயனில்லை. 1999 நவம்பரில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எக்ஸ்பாத் 1.0-இன் விதி இது, பிரவுசர்கள் இன்றுவரை அந்த 1.0-ஐத்தான் பின்பற்றுகின்றன. புள்ளி விட்டுப்போனால் 'க்' என்பது 'க' ஆகிவிடும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே அடி வாங்கிக் கற்ற ஊர்க்காரர்கள் நாம். நாமே புள்ளியைக் கோட்டை விட்டோம்.

ஆக, வரிசையைச் சரியாகத்தான் பிடித்தோம். பிடித்துக்கொண்டு நிற்கும்போதே கை மட்டும் நீண்டு முதல் வரிசையின் பட்டனை அமுக்கியது. செய்தியும் வந்தது. யாருடைய பாலிசி ரத்தானது என்று நாங்கள் கேட்கவேயில்லை.

இதில் உஷாராக வேண்டிய இடம் எது தெரிகிறதா? லொக்கேட்டர் உடைந்தால் பயமில்லை, 'எலிமென்ட் கிடைக்கவில்லை' என்று அலறிவிடும். தப்பான எலிமென்ட்டைக் கண்டுபிடித்துவிட்டுச் சத்தமில்லாமல் பாஸ் ஆகும் லொக்கேட்டர்தான் ஆபத்து. ஆனால் டெஸ்டர்கள் கூடும் இடத்திலெல்லாம் புலம்பல் என்னவோ உடையும் லொக்கேட்டரைப் பற்றித்தான்.

செலினியம் கிடைப்பதில் முதலாவதைக் கொடுக்கும். அதன் இயல்பே அது. 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய கருவி. அன்றைய சந்தையில் பெரிய கையாக இருந்த மெர்க்குரி நிறுவனத்தைக் கிண்டலடித்து, பாதரச நஞ்சுக்குச் செலினியம்தான் முறிவு என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். அதன் வெப்டிரைவர் 2018 ஜூனில் டபிள்யூ3சி தரமாகவே ஆனது. அந்தத் தரத்திலும் இதே கதைதான்: ஒரு எலிமென்ட்டைக் கேட்டால், பொருந்துவது பதினேழு இருந்தாலும் முதலாவது கைக்கு வரும். மீதி பதினாறு இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லாது.

2020-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பிளேரைட் இந்த விஷயத்தில் கறார். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் கிளிக் செய்ய மாட்டேன் என்று எரர் போடும். நல்ல குணம். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அந்த எரர் வந்ததும் லொக்கேட்டரின் வாலில் 'ஃபர்ஸ்ட்' என்று ஒட்டி அதன் வாயை அடைக்கிறார்கள். கோட் ரிவ்யூவில் காரணம் எழுதாத 'ஃபர்ஸ்ட்' கண்ணில் பட்டால் நான் இப்போதெல்லாம் அனுமதி கொடுப்பதில்லை. எழுதியவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

எக்ஸ்பாத்தில் முதலாவதைக் கேட்பதே ஒரு பொறி. 'டேபிளுக்குள் எங்கிருந்தாலும் பட்டன், அதில் [1]' என்று எழுதினால் டேபிளின் முதல் பட்டன் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் முதல் பட்டன் என்று அர்த்தம். ஐம்பது வரிசை இருந்தால் ஐம்பதும் பொருந்தும். முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே [1] வைத்தால்தான் நீங்கள் நினைத்தது நடக்கும். முதலாவதைக் கேட்கும்வரை வித்தியாசம் தெரியாது, கிடைப்பது அதே பட்டன்தான். கடைசி பட்டன் வேண்டும் என்று 'லாஸ்ட்' போட்டுப் பாருங்கள், அப்போது சாயம் வெளுக்கும்.

அடுத்தது 'கன்டெயின்ஸ்'. இதை எழுதாத டெஸ்டர் கிடையாது, நான் உட்பட. கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க, கிளாஸ் பெயரில் 'ஆக்டிவ்' இருக்கிறதா என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்கை முடக்கினாலும் டெஸ்ட் பாஸ். ஏன்? முடக்கிய கணக்கின் கிளாஸ் 'இன்ஆக்டிவ்'. 'ஆக்டிவ்' அதற்குள்ளேயே குந்திக்கொண்டிருக்கிறது! எதைச் சோதிக்க வந்தோமோ அதற்கு நேர் எதிரானதைப் பார்த்து டெஸ்ட் தலையாட்டியிருக்கிறது. கிளாஸ் பெயரைத் தேட சிஎஸ்எஸ் செலக்டரே போதும், அது முழுச் சொல்லாகத்தான் ஒப்பிடும். எக்ஸ்பாத்தின் 'கன்டெயின்ஸ்' எழுத்துக்கூட்டத்தைத் தேடும், சொல்லைத் தேடாது.

பிளேரைட் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அதில் எழுத்தை வைத்துத் தேடும்போதும், ரோலோடு பெயரைச் சேர்த்துத் தேடும்போதும், நீங்கள் 'எக்ஸாக்ட்' என்று சொல்லாதவரை பகுதிப் பொருத்தம்தான். 'சேமி' என்று தேடுகிறீர்கள். பக்கத்தில் 'சேமி', 'வரைவாகச் சேமி' இரண்டும் இருந்தால் எரர் வரும், தப்பித்தீர்கள். ஒரு பில்டில் 'சேமி' பட்டனே காணாமல் போய் மற்றது மட்டும் மிஞ்சினால்? அதை அமுக்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல அடுத்த ஸ்டெப்புக்குப் போகும்.

தமிழ் முகப்பை டெஸ்ட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை, ஆங்கில டுடோரியல் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. 'தொடர்க' என்ற பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுக் குறிக்கும் சேர்த்து ஒரே எண் உண்டு. முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனி எண்களாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்பாத் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. நீங்கள் கீபோர்டில் அடித்தது ஒரு வகை, மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்தோ ஒட்டி அனுப்பிய கோப்பில் இருப்பது இன்னொரு வகை என்றால் பொருந்தாது. கோ, பௌ எல்லாவற்றுக்கும் இதே கதி.

டெஸ்ட் ஃபெயிலாகும். அதோடு முடிந்தால் நல்லது. முடியாது. நம் ஆள் ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, 'தொ' இருந்தால்தானே பிரச்சினை என்று 'டர்க' என்பதை மட்டும் 'கன்டெயின்ஸ்' போட்டுத் தேடுவார். வேலை செய்யும். பக்கத்துப் பக்கத்தில் 'மீண்டும் தொடர்க', 'பின்னர் தொடர்க' என்று பட்டன்கள் வரும்வரை வேலை செய்யும். எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு ஸ்டெப்பை பில்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஒகரத் தொல்லை தீரும். 'ஸ்ரீ' தீராது. அதை 'ஸ' வைத்தும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு எழுத்தை வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். யூனிகோடு கணக்கில் அவை வெவ்வேறு சொற்கள், சீராக்கினாலும் ஒன்றாகாது. வாடிக்கையாளர் பெயரை வைத்து வரிசையைத் தேடுகிறீர்களா? ஸ்ரீதர்களிடம் உஷார்.

பிரவுசரில் வலது கிளிக், இன்ஸ்பெக்ட், 'காப்பி எக்ஸ்பாத்'. புதிதாக வருகிறவர்களின் பிள்ளையார் சுழி இது. வருவது என்ன? எட்டாவது டிவ்வுக்குள் இரண்டாவது டிவ், அதற்குள் மூன்றாவது பட்டன். ஊரில் 'தெருவில் திரும்பி மூணாவது வீடு' என்று வழி சொல்கிற மாதிரி. நடுவிலிருந்த காலி மனையில் ஒருத்தர் வீடு கட்டிவிட்டால் விருந்தாளி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். பக்கத்தின் தலையில் பொங்கல் சலுகை பேனர் ஒன்று ஏறினால் உங்கள் ஸ்கிரிப்டும் அதையேதான் செய்யும்.

ஐடி இருந்தால் பத்திரம் என்றும் நம்பாதீர்கள். யார் வைத்த ஐடி? டெவலப்பர் கையால் வைத்ததா, ஃபிரேம்வொர்க் தானாகப் போட்டதா? 'ஜேஐடிடி' என்று தொடங்கி எண்ணில் முடிந்தால், அல்லது ரியாக்டின் முந்தைய பதிப்புகள் போட்ட முக்காற்புள்ளி வைத்த ஐடியாக இருந்தால், அது இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பக்கத்து ஆளுக்குப் போய்விடும். ஃபார்மில் புதிதாக ஒரு பெட்டி சேர்ந்தால் எல்லா எண்ணும் ஒன்று தள்ளும். கைபேசி எண் பெட்டியில் பின்கோடு விழும்.

இதைவிட நயவஞ்சகமானது ஒன்று இருக்கிறது. வரிசைகளை முதலில் மொத்தமாகப் பிடித்து ஒரு லிஸ்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீக்குகிறீர்கள். எலிமென்ட் அழிந்துவிட்டால் செலினியம் 'ஸ்டேல்' என்று எரர் போடும், எல்லோருக்கும் தெரிந்த எரர். ஆனால் ரியாக்டில் எழுதியவர் வரிசை எண்ணையே கீயாகக் கொடுத்திருந்தால், முதல் வரிசையை நீக்கும்போது திரையின் முதல் பெட்டி அழிவதில்லை. அதே பெட்டிகள் அப்படியே இருக்க, தரவு மட்டும் ஒவ்வொரு படி மேலே ஏறும், கடைசிப் பெட்டி மட்டும் போகும். உங்கள் கையில் இருக்கும் இரண்டாவது பெட்டி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதற்குள் இப்போது மூன்றாவது ஆள். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. குடிமாறிய வீட்டுக்குப் பழைய பெயரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்த கதை. பிடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும், அமுக்குவதற்குச் சற்று முன்னால், புதிதாகத் தேடுங்கள்.

'எரர் செய்தி வரவில்லை' என்று சோதிக்கும் டெஸ்டுகளை இன்றைக்கே தேடி எடுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு. இந்த டெஸ்டுகள் எலிமென்ட்களின் லிஸ்டைக் கேட்டு, லிஸ்ட் காலியாக இருந்தால் பாஸ் என்று எழுதப்பட்டிருக்கும். லொக்கேட்டரில் ஒரு எழுத்து பிசகினாலும் லிஸ்ட் காலிதான். டெவலப்பர் கிளாஸ் பெயரை மாற்றினாலும் காலிதான். திரை முழுக்க எரர் சிவப்பாக நிற்கும், டெஸ்ட் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லும். எரர் வருகிற மாதிரி முதலில் தப்பாக ஒன்றை அடித்து, அதே லொக்கேட்டர் அந்த எரரைக் கண்ணால் பார்க்கிறது என்று நிரூபித்த பிறகுதான், வராததைப் பற்றிப் பேச அதற்கு உரிமை உண்டு.

இப்போது புதிதாக ஒரு கூத்து: லொக்கேட்டர் உடைந்தால் தானே சரிசெய்துகொள்ளும் கருவிகள். பழைய பட்டன் கிடைக்கவில்லை என்றால் அதைப் போலவே இருக்கும் இன்னொன்றைத் தேடிப் பிடித்து அமுக்குமாம். விற்க வந்தவர் டெமோவில் காட்டியபோது மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. யோசித்துப் பாருங்கள், 'சமர்ப்பி' பட்டன் போய்விட்டது. பக்கத்தில் அதே அளவில், அதே நிறத்தில், அதே டேகில் இருப்பது எது? பல ஃபார்ம்களில் 'அழி'. பட்டன் காணாமல் போனதே பிழையாக இருக்கலாமே, அதைச் சொல்வதற்குத்தானே டெஸ்ட்? இந்தக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பரிந்துரை மட்டும் எழுதி வைக்கட்டும், டெஸ்ட் சிவப்பாகவே இருக்கட்டும், மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு மனிதர் பார்க்கட்டும். ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாற்றி, தானே பாஸ் போட விடாதீர்கள்.

சரி, எதைத்தான் நம்புவது? டெவலப்பரிடம் கேட்டு டெஸ்ட் ஐடி வைக்கச் சொல்வது ஒரு வழி. வாய்விட்டுக் கேட்டால் கொடுப்பார்கள், கேட்க நமக்குத்தான் கூச்சம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: பட்டனின் மேல் எழுத்தே அழிந்துபோனாலும் டெஸ்ட் ஐடி பாஸ் சொல்லும். ரோலையும் பெயரையும் சேர்த்துத் தேடுவது எனக்கு இன்னும் பிடித்த வழி. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மாதிரியான மென்பொருள்கள் எந்தத் தகவலைப் பார்க்கின்றனவோ அதைத்தான் இந்தத் தேடலும் பார்க்கிறது. உங்கள் டெஸ்டுக்கு அந்தப் பட்டன் கிடைக்கவில்லை என்றால் அவர்களுக்கும் கிடைக்காது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். அதுவே ஒரு பிழை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஸ்கிரிப்டில் ஒட்டுவதற்கு முன் குரோமில் எலிமென்ட்ஸ் பகுதியைத் திறந்து, கன்ட்ரோல்-எஃப் அடித்து, லொக்கேட்டரை அங்கே வரும் தேடல் பெட்டியில் போடுங்கள். ஓரத்தில் எண் வரும். ஒன்றில் ஒன்று என்று வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழில் ஒன்று என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். அரை நிமிஷ வேலை. எங்கள் ரத்து பட்டன் லொக்கேட்டரைப் பின்னால் ஒருநாள் அதில் போட்டுப் பார்த்தோம். இருபத்தைந்தில் ஒன்று என்று வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து வரிசை.

கிளிக் முடிந்ததும் செய்தியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த ஆளின் பாலிசி எண்ணை வைத்து, நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, பக்கத்து ஆளின் பாலிசி மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதைத்தான் நாங்கள் எழுதவில்லை.

புள்ளியை வைத்த அன்று சாயங்காலம் அந்தப் பெண் கேட்டாள், "அண்ணா, பட்டனையே பக்கத்துல இருந்து எடுத்துட்டு ஓட்டிப் பாத்தா என்ன?" டெஸ்ட் சர்வரில் டெவலப்பரைக் கெஞ்சி ரத்து பட்டனைத் தூக்கச் சொன்னோம். அந்தப் பட்டனை அமுக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் டெஸ்டுகள் பதினைந்தையும் ஓட விட்டோம். பதினொன்று சிவப்பு.

நான்கு பச்சை. இல்லாத பட்டனை அமுக்கி, வராத செய்தியைப் பார்த்து, பாஸ். இரண்டில் 'ஃபர்ஸ்ட்' இருந்தது, ஒன்றில் எரரை விழுங்கும் காலி 'கேட்ச்'. நாலாவது எதை அமுக்குகிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.